எலிக்காய்ச்சலும் மரபணு வாசிப்பும்: கலேவெல வயலிலிருந்து சில கேள்விகள்

டித்வா சூறாவளி நாட்டைப் புரட்டிப் போட்டு, வெள்ளம் வடிந்த பின்னர், என் தங்கையின் கணவர் மீண்டும் வயலில் இறங்கினார். முதல் விதைப்பு அழுகிப் போயிருந்தது. இரண்டாம் முறை சேற்றை மிதித்து, வரம்பு கட்டி, விதைத்துவிட்டு வந்தவர் பத்து நாட்களுக்குள் காய்ச்சலோடு படுத்தார். தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலில் கை வைக்க முடியாத வலி. பக்கத்திலுள்ள ஒரு தனியார் மருந்தகத்தில் வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி பனடோலும் இருமல் பாணியும் கொடுத்து அனுப்பினார்கள். என்ன தொழில் செய்கிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மச்சானும் தானாகச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. இருமலில் இரத்தம் வந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். துண்டில் நியூமோனியா என்று எழுதினார்கள். இரவுக் கடமையிலிருந்த இளம் வைத்தியர் ஒருவர்தான் சிங்களத்தில், "வயலுக்குப் போனாரா?" என்று கேட்டார். தங்கைக்கு அந்தப் பதற்றத்தில் வாய் வரவில்லை. நான் ஆம் என்றேன். உடனே பெனிசிலின் ஊசி ஆரம்பித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், மச்சான் பிழைத்தார். எலிக்காய்ச்சல்தான் என்று உறுதிப்படுத்தும் இரத்த அறிக்கை, அவர் வீட்டுக்கு வந்து பல நாட்கள் கழித்தே எங்கள் கைக்குக் கிடைத்தது.

அந்த இரவு வேறொருவர் கடமையில் இருந்திருந்தால், அல்லது கேள்வி தங்கைக்குப் புரியாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவன். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் டீ.என்.ஏ. என்பது எமக்குப் பாடப்புத்தகத்திலிருந்த ஒரு முறுக்கு ஏணிப் படம் மட்டுமே. இன்று அதே டீ.என்.ஏ.யை வாசித்து, நோயாளியின் உடலில் இருக்கும் கிருமி எது என்பதை இரண்டொரு நாட்களில் சொல்லிவிட முடிகிறது. அந்த வசதிக்கும் எமது ஊர் நோயாளியின் கட்டிலுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

கிருமியைத் தேடும் இரண்டு வழிகள்

வழமையான ஆய்வுகூடப் பரிசோதனை எதுவானாலும், வைத்தியர் முதலில் ஒரு நோயைச் சந்தேகிக்க வேண்டும். டெங்கு என்று சந்தேகித்தால் டெங்குப் பரிசோதனை, காசநோய் என்று சந்தேகித்தால் சளிப் பரிசோதனை. சந்தேகிக்காத நோய்க்கு எவரும் பரிசோதனை எழுதுவதில்லை. விலங்குகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் தப்பிவிடுவது இங்கேதான். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், எக்ஸ்ரேயில் வெண்படலம் என்று அவை எல்லாமே சாதாரண நியூமோனியாவைப் போலத்தான் தோன்றும்.

மரபணு வரிசைப்படுத்தல் வேறு வழியில் போகிறது. நோயாளியின் இரத்தத்தையோ, முள்ளந்தண்டு நீரையோ, நுரையீரலைக் கழுவியெடுத்த திரவத்தையோ எடுத்து, அதிலுள்ள மரபணுத் துண்டுகள் யாவற்றையும் இயந்திரம் வாசிக்கிறது. பாடசாலை நூலகத்துப் புத்தகங்கள் எல்லாம் கிழிந்து ஒரே குவியலாகக் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் மிகப் பெரும்பாலான துண்டுகள் ஒரே புத்தகத்தினுடையவை. அது மனிதனுடைய சொந்த மரபணு. அதை ஒதுக்கிவிட்டு, மீதியிருக்கும் சில வரிகளை, உலகில் அறியப்பட்ட கிருமிகளின் மரபணுப் பட்டியலோடு கணினி ஒப்பிடுகிறது. எந்தக் கிருமியைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கிளி, புறா, கோழி, வாத்து போன்ற பறவைகளின் எச்சத்திலிருந்து கிளமிடியா வகைக் கிருமியொன்று மனிதரின் நுரையீரலுக்குள் போய் நியூமோனியாவை உண்டாக்கும். கிளிக்காய்ச்சல் என்று இதைச் சொல்லலாம். சாதாரணமாக நியூமோனியாவுக்குக் கொடுக்கப்படும் பல அன்டிபயோட்டிக்குகளுக்கு இது அடங்காது. டொக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்கு அடங்கும். சீனாவில் அண்மைய வருடங்களில் காரணம் புரியாத கடும் நியூமோனியாவோடு வந்த பலரின் நுரையீரல் திரவத்தை வரிசைப்படுத்திப் பார்த்தபோதே இந்த நோய் வெளிப்பட்டது. அதன் பிறகுதான் பலரிடம், வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா, சந்தையில் உயிர்க்கோழி வாங்கினீர்களா என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்தத் தொழில்நுட்பத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திய நோயாளியின் கதையைக் கேட்டால் எமது விவசாயிகள் வியப்பார்கள். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன், பிறவியிலேயே நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவன், நான்கு மாதங்களுக்குள் மூன்று முறை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டான். மூளையில் வீக்கம், ஓயாத வலிப்பு. மூளையிலிருந்து திசு எடுத்துப் பார்த்தும் காரணம் தெரியவில்லை. கடைசியில் அவனது முள்ளந்தண்டு நீரை சென் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் சியூ என்பவரின் குழு வரிசைப்படுத்தியது. 30 இலட்சத்துக்கும் அதிகமான மரபணுத் துண்டுகளில் 475 துண்டுகள் மாத்திரம் ஒரு கிருமிக்குரியவையாக இருந்தன. அது லெப்டோஸ்பைரா, எமது எலிக்காய்ச்சல் கிருமியின் இனம். 48 மணித்தியாலங்களுக்குள் விடை வந்தது. பெனிசிலின் கொடுத்தார்கள், சிறுவன் குணமடைந்தான். 2014 இல் இது மருத்துவ உலகின் முன்னணிச் சஞ்சிகையில் வெளியானது. நோய் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்னர் அவன் புவேர்ட்டோ ரிக்கோவில் நன்னீரில் நீந்தியிருந்தான்.

கலேவெலயில் சேற்றில் கால் வைக்கும் எவருக்கும் வரக்கூடிய கிருமியைக் கண்டுபிடிக்க, உலகின் மிக முன்னேறிய ஆய்வுகூடம் தேவைப்பட்டிருக்கிறது. அமெரிக்க வைத்தியர்களுக்கு அது அரிதான நோய். எமக்கு அது வருடா வருடம் வரும் நோய். ஆனாலும் எமது ஊரிலும் அது தப்பிவிடுகிறது.

எமது மாவட்டத்தின் அனுபவம்

2008 ஆம் ஆண்டை மாத்தளை மாவட்டத்தின் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் இலங்கையில் 7,400 க்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் எனப் பதிவானது. 200 க்கும் அதிகமானோர் இறந்தனர். மாத்தளை, கண்டி, கேகாலை மாவட்ட நோயாளிகளை வைத்து பேராசிரியர் சுனெத் அகம்பொதி, பேராசிரியர் வசந்தி தேவநேசம் உள்ளிட்டோர் செய்த ஆய்வில் தாய்லாந்து, அவுஸ்திரேலிய ஆய்வாளர்களும் பங்கேற்றனர்.

2011 இல் அனுராதபுர மாவட்டத்தில் வெள்ளத்தைத் தொடர்ந்து மீண்டும் பரவியது. அது உலர் வலயம். அங்கே எலிக்காய்ச்சலை அதிகம் பார்த்திராத வைத்தியர்கள், இது அந்த நோய்தான் என்பதை ஆரம்பத்தில் ஏற்கத் தயங்கினார்கள் என்று பின்னர் வந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. மரபணுவைப் பார்த்தபோது அங்கே அதிகமாகப் பரவியது லெப்டோஸ்பைராவின் வேறொரு இனம் என்பதும் தெரிய வந்தது. ஒரே நாட்டில், அடுத்தடுத்த மாவட்டங்களில், ஒரே பெயருடைய நோயின் கிருமி வேறுபடுகிறது.

இதில் நடைமுறைச் சிக்கலொன்று உண்டு. எலிக்காய்ச்சலுக்கு நீண்ட காலமாக நம்பப்படும் பரிசோதனை, நோயாளியின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளை, ஆய்வுகூடத்தில் உயிரோடு வளர்க்கப்படும் கிருமி வகைகளோடு சேர்த்துப் பார்ப்பது. உள்ளூரில் பரவும் வகை அந்தத் தொகுதியில் இல்லையென்றால் நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். அத்தோடு எதிர்ப்பொருள் உருவாகவே ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். உறுதிப்படுத்த இரண்டு வாரங்கள் கழித்து இன்னொரு மாதிரியும் வேண்டும். அதற்குள் நோயாளி குணமாகியிருப்பார், அல்லது ஜனாஸா அடக்கப்பட்டிருக்கும்.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் நடந்ததும் இதை ஒத்ததே. பெங்கல் புயலின் மழை வெள்ளத்துக்குப் பின்னர் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டு சில நாட்களுக்குள் ஏழு பேர் இறந்தார்கள். ஊடகங்கள் 'மர்மக் காய்ச்சல்' என்று தலைப்பிட்டன. மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டு எலிக்காய்ச்சல் என்று தெரிந்த பிறகுதான் மக்களுக்குச் சரியான எச்சரிக்கையும் தடுப்பு மாத்திரையும் போய்ச் சேர்ந்தன. எலிக்காய்ச்சல் நுரையீரலைத் தாக்கினால் உள்ளே இரத்தம் கசியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நியூமோனியாவாகவே தெரியும். ஒரு சில மணித்தியாலங்களில் நிலைமை கைமீறிப் போகும்.

எமக்கு ஏன் இது தனியான கவலை?

கொவிட் நோயை உலகம் முதலில் அறிந்ததும் மரபணு வாசிப்பின் மூலம்தான். 2019 இன் இறுதியில் வுஹானில் காரணம் தெரியாத நியூமோனியாவோடு இருந்தவர்களின் நுரையீரல் திரவத்தை வரிசைப்படுத்தியபோதே புதிய வைரஸ் தென்பட்டது. 2020 ஜனவரி நடுப்பகுதிக்குள் அதன் முழு வரிசை உலகத்துக்கே பகிரங்கமானது. அது எந்த விலங்கிலிருந்து எப்படி வந்தது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

அந்த விஞ்ஞானம் இலங்கைக்கும் வந்தது. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மாளவிகே, கலாநிதி சந்திம ஜீவந்தர ஆகியோரின் குழு வைரஸை இங்கேயே வரிசைப்படுத்தி, 2021 பெப்ரவரியில் அல்பா திரிபு நாட்டுக்குள் வந்துவிட்டதை அறிவித்தது. இலங்கையாலும் முடியும் என்பதற்கு அது சான்று.

அதே காலத்தில் எமது சமூகம் அனுபவித்ததை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. 2020 ஏப்ரல் 11 இன் வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் மாசுபடும் என்ற வாதம் ஆதாரமின்றி முன்வைக்கப்பட்டது. பிறந்து 20 நாட்களேயான குழந்தை எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அனுமதி கிடைத்து, ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பமானது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

ஒரே நாட்டில், ஒரே நோய்க்கு, ஒரு பக்கம் உலகத்தரமான மரபணு ஆய்வும் மறுபக்கம் ஆதாரமில்லாத வர்த்தமானியும் இருந்தன. ஆய்வுகூடத்தில் உண்மையைக் கண்டுபிடித்தாலும், அதை வைத்து முடிவெடுப்பவர்கள் நேர்மையாக இல்லாவிட்டால் பயனில்லை என்பதை நாம் பெரும் விலை கொடுத்துக் கற்றோம்.

அந்த நாட்களின் தழும்பு இன்னும் இருக்கிறது. 2020 இல் காய்ச்சல் வந்தும் வைத்தியசாலைக்குப் போக அஞ்சி வீட்டிலேயே படுத்திருந்தவர்களை நான் அறிவேன். 'போனால் பொசிட்டிவ் என்பான், பிறகு மையித்தும் கிடைக்காது' என்ற பேச்சு அன்று எல்லா வீடுகளிலும் இருந்தது. அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அதே தயக்கத்தை எலிக்காய்ச்சலுக்கும் கொண்டு போனால் உயிர் போகும். மச்சான் ஐந்து நாட்கள் வீட்டில் கிடந்ததற்குப் பணமோ வாகனமோ காரணமல்ல. "ஆஸ்பத்திரிக்கு ஏன் போக, ரெண்டு நாள் பார்ப்போம்" என்ற பழக்கம்தான். அந்தப் பழக்கத்துக்கு நானும் உடந்தை. படித்தவன் என்று சொல்லிக்கொள்ளும் நானே மூன்றாம் நாள் அவரைக் கூட்டிப் போயிருக்க வேண்டும்.

இயந்திரம் வந்தால் போதுமா?

போதாது. மரபணு வரிசைப்படுத்தல் செலவு கூடியது. அமெரிக்காவில் ஒரு மாதிரிக்கே ஆயிரக்கணக்கான டொலர் ஆகும். மாதிரியில் வெளிக்கிருமி கலந்துவிட்டால் தவறான விடை வரலாம். தொண்டையில் சாதாரணமாக வாழும் கிருமியை நோய்க்காரணம் என்று மயங்கலாம். எலிக்காய்ச்சலில் முதல் வாரத்தில் இரத்தத்தில் இருக்கும் கிருமி பின்னர் மறைந்துவிடும். ஆகவே பிந்தி எடுக்கும் இரத்தத்தை எந்த இயந்திரத்தில் போட்டாலும் பெரிய பலன் இல்லை. பரசிட்டமோலுக்கே தட்டுப்பாடு வந்த நாட்டில் இதையெல்லாம் பேசலாமா என்று கேட்பவர்களின் கேள்வியும் நியாயமானதே.

ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மரபணு வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. காரணம் தெரியாமல் ஒருவர் கடும் நியூமோனியாவால் இறக்கும்போதும், ஒரே ஊரில் பலருக்கு ஒரே மாதிரிக் காய்ச்சல் வரும்போதும், மாதிரி போய்ச் சேர ஒரு நிரந்தர வழி வேண்டும். கொவிட்டுக்காக உருவான திறமையும் இயந்திரங்களும் அதற்குப் பயன்பட வேண்டும். எந்த மாவட்டத்தில் எந்த வகைக் கிருமி உலவுகிறது என்று தெரிந்தால், மலிவான சாதாரணப் பரிசோதனைகளையே அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். ஒரு நோயாளிக்குச் செய்யும் செலவு, அடுத்த போகத்தில் பல நூறு பேருக்குப் பயன்படும். முதல் வாரத்திலேயே விடை தரும் பிசிஆர் பரிசோதனையை எலிக்காய்ச்சல் அதிகமுள்ள மாவட்டங்களுக்குப் பரவலாக்குவதும் இதோடு சேர்ந்தது.

நெதர்லாந்தின் அனுபவமொன்றைச் சொல்ல வேண்டும். 2007 இல் ஹேர்பன் என்ற சிறு கிராமத்தில் வழமைக்கு மாறாகப் பலர் நியூமோனியாவோடு வருவதை ஒரு குடும்ப வைத்தியர் கவனித்தார். ஆட்டுப் பண்ணைகளிலிருந்து காற்றில் பரவிய கியூ காய்ச்சல் அது. 2010 வரை 4,000 க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பணக்கார நாடு, சிறந்த ஆய்வுகூடங்கள் எல்லாம் இருந்தும், முதலில் மணியடித்தது தன் ஊர் நோயாளிகளை அறிந்த வைத்தியர்தான். ஆடு, மாடு, கோழி வளர்ப்பிலும் இறைச்சி வியாபாரத்திலும் அதிகம் ஈடுபடும் எமது சமூகம் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

நாளை செய்யக்கூடியவை

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை ஒருபுறமிருக்க, எமது கையிலும் சில வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, வைத்தியரிடம் நாமாகவே சொல்வது. வயலில் இறங்கினேன், கால்வாயில் குளித்தேன், மாட்டுப்பட்டி கழுவினேன், கோழிக்கூடு சுத்தம் செய்தேன், ஆடு குட்டி போட்டபோது கைகொடுத்தேன் என்பதைக் காய்ச்சலோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலுக்குச் சிங்களத்தில் 'மீ உண' என்பார்கள். அந்தச் சொல்லை வீட்டுப் பெண்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வைத்தியசாலையில் தமிழில் கேட்கவும் விளக்கவும் ஆட்கள் இருக்க வேண்டும் என்று கோருவது எமது உரிமை. நோயாளிக்குப் புரியாத கேள்விக்குச் சரியான பதில் எப்படிக் கிடைக்கும்?

இரண்டாவது, தடுப்பு மாத்திரை. வயல் வேலை தொடங்கும் காலத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பொதுச் சுகாதார பரிசோதகர்களும் விவசாயிகளுக்கு டொக்சிசைக்ளினை இலவசமாகத் தருகிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை, அவர்கள் சொல்லும் அளவில் எடுப்பது. வயிறு எரிகிறது என்று பலர் பெட்டியோடு வைத்துவிடுகிறார்கள். மச்சானின் அலமாரியிலும் பிரிக்காத அட்டை ஒன்று இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு எடுத்தால் அந்த எரிச்சல் பெரும்பாலும் குறையும். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் வைத்திய ஆலோசனையின்றி எடுக்கக் கூடாது.

மூன்றாவது, பள்ளிவாசல். கொவிட் காலத்தில் எத்தனையோ அறிவித்தல்களை ஒலிபெருக்கியில் சொன்னோம். ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் ஜும்ஆவுக்குப் பின்னர் இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்க நிர்வாக சபைகளால் முடியும். பொதுச் சுகாதார பரிசோதகரையே அழைத்துப் பேசச் சொல்லலாம். விகாரையிலும் கோவிலிலும் இதே செய்தி போக வேண்டும். வரம்புக்கு அந்தப் பக்கம் சிங்களவர் வயல், இந்தப் பக்கம் எமது வயல். எலிக்கு வரம்பு தெரியாது.

மச்சான் இப்போது நலமாக இருக்கிறார். அடுத்த போகத்துக்குத் தயாராகிறார். அன்றிரவு அந்தக் கேள்வியைக் கேட்ட வைத்தியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. அவர் கேட்ட கேள்வியை இனி எந்த வைத்தியர் கடமையில் இருந்தாலும் கேட்க வேண்டும், அவர் கேட்க மறந்தால் நாம் சொல்ல வேண்டும். அதற்கும் விடை கிடைக்காத காய்ச்சல்களுக்கு, கொழும்பிலுள்ள அந்த இயந்திரங்களின் கதவு கலேவெல நோயாளிக்கும் திறந்திருக்க வேண்டும்.